மந்திரிகளின் வசனம்

நம் நாவல்களில் வருகிற கெட்டவர்களைப்பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. அவர்களுக்குப் பேசத் தெரியாது. வாயைத் திறந்த மாத்திரத்தில் அவர்கள் கெட்டவர்கள் என்று வாசகருக்குத் தெரிந்து போய்விடுகிறது. குடிசையைப் பிடுங்க வருகிற மிராசுதார் மீசையை முறுக்கிக்கொண்டு, பிடுங்கத்தான் வந்திருக்கிறேன் என்கிற தோரணையில் பேசுகிறார். நிஜத்தில் எந்த மிராசுதாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் குடிசைக்காரனுடைய நன்மையைப்பற்றித்தான் பேசுவார். அவன் குடிக்கிறான் என்பார். கொடுத்தால் கெட்டுப்போவான் என்பார். ஊர் நிலவரம் சரியில்லை என்பார். அதை எல்லாம் மனசார நம்பவும் செய்வார். நம்பிவிட்டு ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்வார். அந்தத் தூக்கத்தை எழுதத் தெரியாததனால்தான் நம் வில்லன்கள் அட்டைப் பொம்மைகளாக நிற்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வசனத்தைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது எந்த நாவலையும் அல்ல. வட அயர்லாந்தின் பழைய மந்திரிகள் பேசிய பேச்சுகளைச் சிபாரிசு செய்கிறேன். 1921 முதல் 1972 வரை அந்த ஆறு ஜில்லாக்களுக்கு என்று ஒரு பார்லிமெண்டு இருந்தது. 1932-ல் பெல்ஃபாஸ்டுக்கு வெளியே ஸ்டார்மண்ட் என்ற இடத்தில் குன்றின்மேல் அதற்கு ஒரு வெள்ளை மாளிகை கட்டினார்கள். ஐம்பது வருஷம் ஒரே கட்சி ஆண்டது. ஜனத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு பிராட்டஸ்டண்டுகள், மூன்றில் ஒரு பங்கு கத்தோலிக்கர்கள். வேலை, வீடு, ஓட்டு எதுவாக இருந்தாலும் ஒரு சாராருக்கு ஒரு அளவு, மற்றவர்களுக்கு வேறு அளவு. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1969-ல் காமரூன் என்ற ஸ்காட்லாந்து நீதிபதியின் தலைமையில் விசாரணைக் குழு ஒன்று அமைத்தார்கள். கத்தோலிக்கர்களுடைய மனக்குறைகளில் நியாயம் இருக்கிறது என்று அது எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

அந்த அநீதியின் சரித்திரத்தை இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு அவர்கள் சொன்ன சமாதானங்களை ஒரு கதைக்காரன் எப்படிப் படிப்பான் என்பதுதான் எனக்கு அக்கறையான விஷயம்.

முதல் பிரதம மந்திரி ஜேம்ஸ் கிரெய்க். பிற்பாடு கிரெய்காவன் பிரபு ஆனவர். அவர் சொன்னதாக உலகம் முழுவதும் ஒரு வாக்கியம் உலவுகிறது: பிராட்டஸ்டண்டு ஜனங்களுக்குப் பிராட்டஸ்டண்டு பார்லிமெண்டு என்று. அவர் அப்படிச் சொல்லவில்லை. 1934 ஏப்ரல் 24-ஆம் தேதி அவர் சபையில் சொன்னதன் சாரம் இதுதான்: தெற்கே இருப்பவர்கள் தங்களுடையது கத்தோலிக்க ராஜ்யம் என்று பெருமை அடித்துக்கொண்டார்கள், இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள், நான் அடித்துக்கொள்கிற பெருமை எல்லாம் நாங்கள் பிராட்டஸ்டண்டு பார்லிமெண்டு, பிராட்டஸ்டண்டு ராஜ்யம் என்பதுதான்.

உலகம் பின்பாதியைத் திருத்தி வைத்துக்கொண்டு முன்பாதியை மறந்துவிட்டது. எனக்கு முன்பாதிதான் முக்கியமாகப் படுகிறது. அடாவடி எல்லாம் பின்பாதியில் இருக்கிறது, சாமர்த்தியம் முன்பாதியில். "அவன் மட்டும் யோக்கியனா?" என்று தெருச்சண்டையில் கேட்கிறோமே, அதே கேள்வி சபைக்கு வருவதற்காக அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. இந்த மாதிரியான பதிலில் ஒரு விசேஷம் உண்டு. குற்றச்சாட்டை அது மறுப்பதே இல்லை. பேச்சை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுகிறது. பெல்ஃபாஸ்டில் வேலை கிடைக்காத ஒரு கத்தோலிக்கன், டப்ளினில் யாரோ அடித்துக்கொண்ட பெருமைக்குப் பதில் சொல்ல வேண்டியவன் ஆகிவிடுகிறான்.

தெற்கே நடந்தது பொய் என்று சொல்லவில்லை. அங்கேயும் ஒரு கதை நடந்தது. புத்தகம் சம்பந்தப்பட்ட கதை ஆகையால் நம் மாதிரி ஆசாமிகள் அதை விட்டுவிடக் கூடாது. 1930-ல் மேயோ ஜில்லாவுக்கு ஒரு நூலக அதிகாரி வேண்டியிருந்தது. அரசாங்கத் தேர்வுக் குழு, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்த லெட்டிஷியா டன்பார் ஹாரிசன் என்ற பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெண் பிராட்டஸ்டண்டு. மேயோ நூலகக் குழு அவரை ஏற்க மறுத்தது. அவருக்கு ஐரிஷ் மொழி போதாது என்பது வெளியே சொன்ன காரணம். ஜில்லா சபையும் பிடிவாதமாக நிற்கவே அரசாங்கம் அந்தச் சபையையே கலைத்தது. அப்புறமும் ஜனங்கள் நூலகங்களைப் பகிஷ்கரித்தார்கள். கடைசியில் 1932 ஜனவரியில் அவரை டப்ளினுக்கு மாற்றி, ராணுவ இலாகாவின் நூலகத்தில் வைத்தார்கள்.

அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டி வலேரா 1931-ல் இதைப்பற்றிப் பேசியது உயர்ந்த ரகத்து வசனம். கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிற வேலைதான் என்றால் மதத்தைப்பற்றிக் கேட்பதற்கு இல்லை என்றார். ஆனால் எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம் என்று வழிகாட்டுகிற வேலை என்றால், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் கத்தோலிக்கர்களாக இருக்கிற ஜில்லாவில் கத்தோலிக்கர்தான் வேண்டும் என்று ஜனங்கள் கேட்பது நியாயம் என்றார். எத்தனை நிதானம், எத்தனை பாகுபாடு! முதலில் ஒரு பெரிய வாசலைத் திறந்து காட்டுகிறார். பிறகு ஓர் "ஆனால்" போட்டுச் சாத்துகிறார். திறந்ததைப் பார்த்தவர்கள் சாத்தியதைக் கவனிக்க மாட்டார்கள்.

இருந்தாலும் இரண்டையும் தராசில் சமமாக நிறுத்தினால் நான் பொய் சொன்னவன் ஆவேன். மேயோவில் ஒரு மாதுக்கு நேர்ந்தது டைரோனிலும் ஃபெர்மானாவிலும் ஐம்பது வருஷம் ஒரு சமூகத்துக்கே நேர்ந்தது. அங்கே குறைந்தபட்சம் அரசாங்கம் அந்த மாதுவின் பக்கம் கொஞ்ச காலமாவது நின்றது. வடக்கே சாத்தியவர்களே அரசாங்கம்.

அடுத்து பேசில் புரூக். ஃபெர்மானா ஜில்லாவின் பெரிய நிலக்காரர். 1943-லிருந்து 1963 வரை இருபது வருஷம் பிரதம மந்திரி. 1933 ஜூலை 12-ஆம் தேதி, ஆரஞ்சுச் சங்கத்தாரின் ஊர்வல நாளில், நியூடவுன்பட்லர் என்ற ஊரில் அவர் ஒரு பிரசங்கம் செய்தார். அப்போது அவர் ஆளும் கட்சியின் கொறடா. சிலர் கத்தோலிக்கர்களை வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள், என் இடத்தில் ஒருவர்கூடக் கிடையாது, நல்ல பிராட்டஸ்டண்டுப் பையன்களையும் பெண்களையும் வேலைக்கு வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கத்தோலிக்கர்கள் இந்த ராஜ்யத்தைக் கவிழ்க்கப் பார்க்கிறவர்கள் என்பது அவர் சொன்ன காரணம். அந்த வருஷக் கடைசியிலேயே அவர் விவசாய மந்திரி ஆனார். பின்னால் சபையில் இந்தப் பேச்சைப்பற்றிக் கேள்வி வந்தபோது, என் சகாக்களில் இவரோடு ஒத்துப்போகாதவர் ஒருவரும் இல்லை, ஒரு வார்த்தையையும் வாபஸ் வாங்கச் சொல்ல மாட்டேன் என்றார் கிரெய்க்.

புரூக்கின் வாதத்தில் மதம் என்ற சொல்லைவிட விசுவாசம் என்ற சொல்லுக்குத்தான் வேலை அதிகம். மதத்துக்காக நான் யாரையும் ஒதுக்கவில்லை, ராஜ விசுவாசம் இல்லாதவர்களை ஒதுக்குகிறேன் என்பது அவர் கட்சி. தமிழில் இதைச் சொல்லும்போது ஒரு வேடிக்கை நேர்கிறது. ராஜாவிடம் காட்டுவதும் விசுவாசம்தான், கிறிஸ்தவன் கோயிலில் காட்டுவதும் விசுவாசம்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. இருந்தும் புரூக் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். நம் பாஷை தற்செயலாகச் செய்ததை அவர் கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறார்!

இந்த வாதத்தை உடைப்பது ஏன் சுலபம் இல்லை என்றால், அதில் நிஜம் கொஞ்சம் இருந்தது. அந்த எல்லையைக் கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் விரும்பவில்லை. அவர்களைக் கேட்டுவிட்டுப் போட்ட எல்லை அல்ல அது. ராஜ்யத்தை விரும்பாதவனுக்கு ராஜ்யத்தில் பங்கு எதற்கு என்று கேட்டால் கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் படும். ஆனால் பங்கு இல்லாதவன் ராஜ்யத்தை எதற்காக விரும்புவான் என்ற மறுகேள்வியைப் புரூக் ஒரு நாளும் தன்னைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. வேலை இல்லாதவர்கள் கப்பல் ஏறினார்கள். கத்தோலிக்கர் வீடுகளில் பிள்ளைகள் அதிகம் பிறந்தும்கூட 1926-ல் நூற்றுக்கு 33.5 ஆக இருந்த அவர்கள் பங்கு, 1961-ல் 34.9 ஆகத்தான் இருந்தது. முப்பத்தைந்து வருஷம் பிறந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் லிவர்பூலும் கிளாஸ்கோவும் பதில் சொல்லும். பிரசங்கத்தில் பயமாக இருந்தது கணக்கில் கொள்கையாகிவிட்டது.

கணக்கு என்றதும் டெர்ரி நகரம் ஞாபகம் வருகிறது. லண்டன்டெர்ரி என்று ஒரு சாராரும் டெர்ரி என்று மறு சாராரும் சொல்லுகிற ஊர். காமரூன் அறிக்கையில் 1967-ஆம் வருஷத்து வாக்காளர் கணக்கு இருக்கிறது. ஊர் முழுவதும் கத்தோலிக்க வாக்காளர்கள் 14,429 பேர், மற்றவர்கள் 8,781 பேர். மூன்று வார்டுகள். தெற்கு வார்டில் கத்தோலிக்கர் 10,047, மற்றவர் 1,138. அதற்கு 8 ஸ்தானங்கள். வடக்கு வார்டில் கத்தோலிக்கர் 2,530, மற்றவர் 3,946. அதற்கும் 8 ஸ்தானங்கள். வாட்டர்சைடில் கத்தோலிக்கர் 1,852, மற்றவர் 3,697, அதற்கு 4. வாசகர் காகிதம் எடுத்துக் கூட்டிப் பார்க்கலாம். சிறுபான்மைக்கு 12, பெரும்பான்மைக்கு 8.

ஓட்டு எல்லோருக்கும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரசபைத் தேர்தலில் வரி கட்டுகிற குடித்தனக்காரருக்கும் அவர் மனைவிக்கும்தான் ஓட்டு. கூட இருக்கிற வயது வந்த பிள்ளைக்கு இல்லை. அறையில் குடியிருப்பவனுக்கு இல்லை. கம்பெனிகளுக்கோ ஆறு ஓட்டு வரையில் உண்டு. இங்கிலாந்தில் 1945-லேயே கைவிட்ட ஏற்பாட்டை இங்கே 1969 வரையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். வரி கட்டுகிறவன்தான் வரிப்பணத்தைப்பற்றித் தீர்மானிக்க வேண்டும் என்பது சமாதானம். கேட்பதற்கு எவ்வளவு சிக்கனமாக, குடும்பப் பாங்காக இருக்கிறது! இந்த ஏற்பாட்டில் ஏழைப் பிராட்டஸ்டண்டுகளும் ஏராளமாக ஓட்டை இழந்தார்கள். பாருங்கள், இது மத விஷயமே இல்லை என்று சொல்ல மந்திரிகளுக்கு அது சௌகரியமாகப் போய்விட்டது. தன் ஓட்டை இழந்த பிராட்டஸ்டண்டுத் தொழிலாளி அதைப்பற்றி என்ன நினைத்தான் என்பது எழுதப்படாத நாவல்.

ஓட்டு வீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்ததால், நகரசபை ஒருவனுக்கு வீடு கொடுத்தால் ஓட்டையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆயிற்று. ஆகவே டெர்ரியில் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வீடு என்றால் பெரும்பாலும் தெற்கு வார்டுக்குள்ளேதான். அங்கே இடம் தீர்ந்துபோனபோது எல்லையைத் தள்ளிப்போடாமல் வீடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். 1966-ல் எழுந்த ராஸ்வில் மாடிக் குடியிருப்புகளுக்கு இதுவும் ஒரு காரணம். 1968 ஜூனில் டைரோன் ஜில்லாவில் காலிடன் என்ற சின்ன ஊரில், குழந்தை குட்டிகளோடு கத்தோலிக்கக் குடும்பங்கள் காத்துக் கிடக்க, கல்யாணமாகாத பத்தொன்பது வயதுப் பிராட்டஸ்டண்டுப் பெண் ஒருத்திக்கு நகரசபை வீட்டை ஒதுக்கினார்கள். ஆஸ்டின் கர்ரி என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். போலீஸார் வந்து வெளியேற்றினார்கள். அதே வருஷம் அக்டோபர் 5-ஆம் தேதி டெர்ரியில் ஊர்வலம் போனவர்கள்மேல் தடியடி நடந்தது. அது டெலிவிஷனில் வந்தது. அதற்குப் பிறகு வரி, சிக்கனம் என்று பேசிய வசனமெல்லாம் எடுபடவில்லை.

இனி, எனக்குப் பிடித்த பாத்திரத்துக்கு வருகிறேன்: டெரன்ஸ் ஓநீல். புரூக்குக்குப் பின் 1963-ல் பிரதம மந்திரி ஆனவர். ஈட்டன் பள்ளியில் படித்த கனவான். கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துக்குள் போய்க் கன்னிகாஸ்திரீகளோடு கைகுலுக்கினார். 1965 ஜனவரியில் தெற்குப் பிரதமர் லமாஸை ஸ்டார்மண்டுக்கே வரவழைத்துத் தேநீர் கொடுத்தார். அதற்காகத் தன் கட்சியிலேயே துரோகி என்ற பட்டம் வாங்கினார். நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

1969-ல் பதவியை விட்டதும் ஒரு பேட்டியில் அவர் மனம் திறந்து பேசினார். கத்தோலிக்கனுக்கு நல்ல வேலையும் நல்ல வீடும் கொடுத்தால் அவனும் பிராட்டஸ்டண்டைப்போல் வாழ்வான். அண்டை வீட்டில் காரும் டெலிவிஷன் பெட்டியும் இருப்பதைப் பார்ப்பான். பதினெட்டுப் பிள்ளைகள் பெற மாட்டான். வேலை இல்லாமல் பொந்தில் குடியிருந்தால் தர்மப் பணத்தில் பதினெட்டுப் பிள்ளைகளை வளர்ப்பான். இதைப் பிராட்டஸ்டண்டுகளுக்குப் புரியவைப்பது மகா கஷ்டமாக இருக்கிறது என்பது அவர் பேச்சின் சாரம்.

இதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் யோசித்தேன். புரூக்கின் பேச்சில் கோபம் வருகிறது. கோபம் வந்தால் பதில் சொல்லிவிடலாம். இங்கே பேசுகிறவர் வீடு கொடு, வேலை கொடு என்கிறார். எதிர்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எதற்காகக் கொடுப்பது? அவன் உரிமை என்பதற்காக அல்ல. கொடுத்தால் நம்மைப்போல் ஆகிவிடுவான் என்பதற்காக. சீர்திருத்தத்துக்கு வாதாட வந்தவர் வாயில் பழைய சமாதானம் அத்தனையும் அப்படியே இருக்கிறது. அவர்கள் அழுக்கு, அவர்கள் சோம்பல், அவர்கள் ஏராளமாகப் பெற்றுத் தள்ளுகிறார்கள். பிரிவினையைப் பூட்டி வைத்த வார்த்தைகளைக் கொண்டே பூட்டைத் திறக்கப் பார்த்தார், பாவம். இதில் அவமானம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்திருந்தால் மிகைப்படுத்திவிட்டேன் என்று விமர்சகர்கள் சொல்லியிருப்பார்கள்.

அண்டை வீட்டுக் காரைப் பார்த்து ஆசைப்படச் சொன்னாரே, அந்தக் காலத்து நிலவரம் என்ன? 1971 ஜனத்தொகைக் கணக்கின்படி ஆண்களில் வேலை இல்லாதவர்கள், பிராட்டஸ்டண்டுகளில் நூற்றுக்கு 6.6, கத்தோலிக்கர்களில் 17.3.

இந்த மந்திரிகளைப்பற்றி நல்ல நாவலோ நாடகமோ உண்டா என்று கேட்பீர்கள். மந்திரியே தலைகாட்டாத ஒரு நாடகத்தைத்தான் நான் சொல்ல முடியும். சாம் தாம்ஸன் என்பவர் பெல்ஃபாஸ்ட் கப்பல் பட்டறையில் பெயிண்டர். பிராட்டஸ்டண்டு. 1920 ஜூலையில் அந்தப் பட்டறைகளிலிருந்து ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர்களை அடித்து விரட்டினார்கள்; கூட நின்ற பிராட்டஸ்டண்டுகளையும் விரட்டினார்கள். அந்த உலகத்தைப் பின்னணியாக வைத்துத் தாம்ஸன் 'பாலத்துக்கு அப்பால்' என்று பொருள்படுகிற ஒரு நாடகம் எழுதினார். பட்டறையில் ஒரு வெடிப்பு. வதந்தி. கும்பல் கூடி, பீட்டர் என்ற கத்தோலிக்கத் தொழிலாளியை வெளியே போகச் சொல்கிறது. அவன் போக மாட்டேன் என்கிறான். டேவி மிட்செல் என்ற கிழத் தொழிற்சங்கக்காரர், பிராட்டஸ்டண்டு, அவன் பக்கத்தில் போய் நின்று வேலை செய்கிறார். கும்பல் அவரைக் கொன்றுவிடுகிறது.

நாடகக் கட்டுக்கோப்பு என்று பார்த்தால் குறைகள் உண்டு. முதல் பாதியில் சங்கத்தின் சட்டதிட்டப் பேச்சு நீளம். ஆனால் டேவி மிட்செல் தியாகி மாதிரிப் பேசுவதில்லை என்பது பெரிய விஷயம். சங்க அங்கத்தினன் ஒருவன் வேலை செய்யும்போது இன்னொரு அங்கத்தினன் போய் நிற்பது தன் கடமை என்று நினைக்கிற மனுஷன், அவ்வளவுதான். இத்தனை மந்திரிகளின் காரணங்களையும் படித்து வந்த எனக்கு, நீளமான காரணம் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் போய் நிற்கிற அந்தக் கிழவரைக் கண்டதும் தாகத்துக்குத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

1959-ல் பெல்ஃபாஸ்டின் ஒரு நாடகசாலை இதை ஒத்திகை வரையில் கொண்டுபோய், நிர்வாகக் குழு தலையிட்டு நிறுத்திவிட்டது. குழு வெளியிட்ட அறிக்கையில் சொன்ன காரணம் என்ன தெரியுமா? மத, அரசியல் சச்சரவுகளை மேடைக்குக் கொண்டுவருவதில்லை. இது எல்லாத் தரப்பாருடைய மனசையும் புண்படுத்தும். கிரெய்கும் புரூக்கும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினாலும் இத்தனை கச்சிதமாக எழுதியிருக்க மாட்டார்கள். நடிகர்களும் டைரக்டரும் அங்கிருந்து விலகி, தாங்களே ஒரு குழு சேர்த்து, 1960 ஜனவரியில் எம்பயர் தியேட்டரில் அதை நடத்தினார்கள். ஆறு வாரத்தில் ஏறக்குறைய 42,000 பேர் பார்த்தார்கள். பட்டறைத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மனசு புண்படும் என்று சொல்லப்பட்ட எல்லாத் தரப்பாரும் வந்து, டிக்கெட் வாங்கி, ஒரே கொட்டகைக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.